பழைய கோயில் கற்களில் கறை நீக்குவது எப்படி? உழவாரப் பணிக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் பிடித்து வந்து, மாலைக்குள் ஒரு மண்டபத்தையே பளபளப்பாக்கிவிட்டுப் போகும் குழுக்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த ஆர்வத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுத் தரையைக் கழுவும் முறையில் எண்ணூறு, ஆயிரம் வருடக் கல்லைக் கழுவினால், கறையோடு சேர்ந்து கல்லும் போகும், எழுத்தும் போகும்.

தமிழ்நாட்டின் கருங்கல் கோயில்களையும் மணற்கல் கோயில்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். ஆறாவது படியை முடிக்காமல் எட்டாவதற்குப் போகவே கூடாது.

1. கோயில் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

பழைய கோயில்கள் பொதுவாக மூன்று வகை: இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் மட்டும் இருப்பவை. தஞ்சைப் பெரிய கோயில் மாதிரி சில இடங்களில் பாதுகாப்பு ஒரு துறையிடமும் வழிபாட்டு நிர்வாகம் வேறு கையிலும் இருக்கும். நுழைவாயிலில் உள்ள நீல நிற அறிவிப்புப் பலகையைப் படித்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும்.

இந்தியத் தொல்லியல் துறையின் பலகை இருந்தால், கல்லில் நீங்கள் கை வைக்கக் கூடாது. அங்கே கறை நீக்குவது அந்தத் துறையின் வேதியியலாளர்களுடைய வேலை. புல் செதுக்கலாமா, பிரகாரம் பெருக்கலாமா என்று கேட்டு, அனுமதித்ததை மட்டும் செய்யுங்கள். 1958-ஆம் வருடச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நல்ல எண்ணத்தில் செய்தோம் என்று சொன்னாலும் போன கல் திரும்பி வராது.

அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். எந்தச் சுவர், எந்தப் பொருள், எந்த முறை, யார் மேற்பார்வை, நான்கையும் மனுவில் எழுதுங்கள். “கோயிலைச் சுத்தம் செய்ய அனுமதி வேண்டும்” என்று ஒற்றை வரியில் எழுதி வாங்கும் அனுமதியால் பிரயோஜனம் இல்லை. பெருக்குவதும் சுத்தம்தான், ஆசிட் ஊற்றுவதும் சிலருக்குச் சுத்தம்தான்.

குருக்களிடமும் தனியாகப் பேசுங்கள். கருவறைக்கு உள்ளே உங்களுக்கு வேலை இல்லை. கருவறை வெளிச்சுவரின் மாடங்களில் (தேவகோட்டங்களில்) உள்ள சிற்பங்களின் மேல் படிந்திருக்கும் எண்ணெய்க் கருமை பல கோயில்களில் வழிபாட்டின் பகுதி. அதைக் கறை என்று முடிவு செய்யும் உரிமை நமக்கு இல்லை.

2. கறை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். கறையின் ஊற்றுக்கண்ணை அடைக்காமல் கல்லைக் கழுவினால், ஆறு மாதத்தில் அதே கறை வரும், நீங்களும் மறுபடி தேய்ப்பீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் கல் கொஞ்சம் இழக்கிறது.

கோமுகிக்குக் கீழே பச்சைப் பாசி இருந்தால், அபிஷேகத் தண்ணீர் போகும் வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் வடிகாலைத் தோண்டுங்கள். மண்டபக் கூரையிலிருந்து சுவரில் கறுப்புக் கோடுகள் இறங்கினால், மேல்தளத்துத் தட்டோடு பெயர்ந்திருக்கும் அல்லது தண்ணீர்த் தூம்பில் சருகு அடைத்திருக்கும். அடித்தளத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், பிரகாரத்தில் பின்னாளில் போட்ட சிமென்ட் தளம் மண்ணின் ஈரத்தைச் சுவர் வழியாக மேலே அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதை நாம் உடைக்க முடியாது. நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்கலாம்.

எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரணம் பெரும்பாலும் தூண் அடியிலும் சிற்பத்தின் மடியிலும் ஏற்றும் அகல் விளக்குகள். நான்கு அடி தள்ளி, மணல் பரப்பிய இரும்புத் தட்டோடு ஒரு விளக்கு மேடை வைக்கக் கோயிலை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. விளக்கு ஏற்ற வருபவர்களிடம் “இங்கே ஏற்றாதீர்கள்” என்றால் கோபம் வரும். “அங்கே ஏற்றுங்க அம்மா, காத்து அடிக்காது, அணையாது” என்றால் போய்விடுவார்கள்.

3. கல்லையும் அதன் மேல் இருப்பதையும் படியுங்கள்

ஒரு சொட்டுத் தண்ணீரை விரல் நுனியால் கல்லில் வையுங்கள். நல்ல கருங்கல்லில் சொட்டு அப்படியே நிற்கும். மணற்கல்லில் சில நொடிகளில் உள்ளே போய்விடும். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் மாதிரி பல்லவர் காலத்து மணற்கல் கட்டடங்களில், நீங்கள் ஊற்றும் எதுவும் உள்ளே போய்த் தங்கிவிடும். சோப்பும் அப்படித்தான், உப்பும் அப்படித்தான்.

அடுத்து, உள்ளங்கையைச் சுவரில் மெதுவாக வைத்து எடுங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால், அல்லது விரல் மடிப்பால் தட்டும்போது வெற்றொலி கேட்டால், மேற்பரப்பு பொருக்காகப் பிரிந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தைச் சாக்பீஸால் குறிக்காதீர்கள். படம் எடுத்து அதில் குறியுங்கள். அந்த இடத்தில் பிரஷ்கூட வேண்டாம்.

மூன்றாவதாக, டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் சுவராகத் தெரிந்த இடத்தில் கல்வெட்டு எழுத்துகள் எழுந்து நிற்கும். ஜகதி, குமுதம், பட்டிகை என்று அடித்தளத்தின் எல்லா வரிசைகளிலும் பாருங்கள். எழுத்தைப் படிப்பதற்காகச் சாக்பீஸ் பொடி, மைதா, விபூதி தேய்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த போட்டோ அதைவிடத் தெளிவாக இருக்கும், கல்லுக்கும் ஒன்றும் ஆகாது.

நான்காவது, இணைப்புகள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சுண்ணாம்புச் சாந்து இருக்கிறதா? மேலே சுதைச் சிற்பம் இருக்கிறதா? இருந்தால் எந்த அமிலமும் பக்கத்தில் வரக் கூடாது. எலுமிச்சையும் புளியும் வினிகரும் அமிலம்தான். பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லது கோயில் சுவருக்கும் நல்லதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

4. என்ன வாங்க வேண்டும், எதை வேனிலேயே விட வேண்டும்

வாங்க வேண்டியவை: மென்மையான நைலான் பிரஷ் பல அளவுகளில், பழைய டூத் பிரஷ், பெயின்ட் அடிக்கும் பன்றி முடி பிரஷ், மூங்கில் சீவல்கள், பழைய பருத்தி வேட்டி, கைத் தெளிப்பான், அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். தாள், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீர் பில்டர் கடையில் கிடைக்கும்), காய்ச்சி வடித்த நீர், மணமோ மஞ்சளோ கலக்காத முல்தானி மட்டி, அச்சிடாத வெள்ளை டிஷ்யூ காகிதம், மல் துணி, கையுறை, என்95 முகக்கவசம். சோப்பு வேண்டுமானால் ஆய்வகப் பொருள் கடையில் அயனியற்ற, நடுநிலையான திரவ சோப்பு என்று கேட்டு வாங்குங்கள். பி.ஹெச். 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

வேண்டாதவற்றின் பட்டியல் நீளம், காரணத்தோடு சொல்கிறேன்.

கம்பி பிரஷ்: கல்லைக் கீறுவது ஒரு பக்கம். அதன் இரும்புத் துகள் கல்லின் நுண்குழிகளில் தங்கித் துருப்பிடிக்கும். டெல்டா பக்கம் ஒரு சிவன் கோயிலில் ஒரு குழு குமுதத்து எழுத்துகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் போனது. அன்று மாலை எல்லோரும் கைதட்டினோம். ஐப்பசி மழை முடிந்து நான் போனபோது எழுத்துகளின் பள்ளங்களில் எல்லாம் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளி. இன்று வரை அது போகவில்லை.

ஆசிட்: கருங்கல்லில் இருக்கும் படிகக்கல்லை (குவார்ட்ஸ்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒன்றும் செய்யாது என்பது சரிதான். ஆனால் இடையில் உள்ள சுண்ணாம்புச் சாந்தைக் கரைக்கும், கருங்கல்லில் உள்ள கறுப்பு மைக்காவின் இரும்பை வெளியே இழுத்து மஞ்சள் கறை உண்டாக்கும், குளோரைடு உப்பை உள்ளே விட்டுவிட்டுப் போகும்.

சலவை சோடா, பாத்திரப் பவுடர், பிளீச்சிங் பவுடர்: மூன்றுமே உப்பை விட்டுச் செல்லும். காய்ந்ததும் அந்த உப்பு படிகமாகி, கல்லின் துளைகளுக்குள் விரிந்து, மேற்பரப்பைத் தள்ளி உதிர்க்கும். கூடவே ஓர் ஆபத்து: பிளீச்சிங் பவுடரும் அம்மோனியாவும் சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் விஷ வாயு வரும். வௌவால் எச்சத்திலும் அம்மோனியா இருக்கிறது. காற்றோட்டமில்லாத மண்டபத்தில் எச்சத்தின் மேல் பிளீச்சிங் பவுடர் போட்டால் மூச்சுத் திணறும்.

வாட்டர் சர்வீஸ் மெஷின்: வண்டி கழுவும் அழுத்தத்தில் தண்ணீர் இணைப்புகளுக்குள் புகுந்து சாந்தை அரித்துக்கொண்டு போகும். பொருக்கு இருந்தால் ஒரே அடியில் பெயர்த்துவிடும்.

மணல் வீச்சு: அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்சிக் கல்லைத் தேய்ப்பது இது. தமிழ்நாட்டுக் கோயில்களில் இதற்குத் தடை இருக்கிறது. தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் மணலில் உள்ள படிகக்கல் 7, கருங்கல்லில் உள்ள பெல்ட்ஸ்பார் தாது சுமார் 6, மைக்கா 3-க்குள். முதலில் மைக்கா குழியும், பிறகு எழுத்தின் விளிம்பு மழுங்கும். சொரசொரப்பான கல்லில் அடுத்த கறை இன்னும் நன்றாகப் பிடிக்கும். யாராவது “ஒரே நாளில் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்” என்று ஒப்பந்தம் கேட்டு வந்தால், எந்த முறை என்று முதலில் விசாரியுங்கள்.

5. நாளும் நேரமும்

தை, மாசி, பங்குனி நல்ல காலம். காற்று உலர்ந்திருக்கும், வெயில் கொளுத்தாது. ஐப்பசி, கார்த்திகையில் கல் உள்ளே ஈரமாக இருக்கும். கறையையும் உப்பையும் உறிஞ்ச நீங்கள் அப்பும் ஈரக் களிமண் அல்லது காகிதக் கூழ்ப் பற்று காயாது, உப்பும் வெளியே வராது. சித்திரை வெயிலில் கல் சுடும். போட்ட கரைசல் வேலை செய்யும் முன்பே காய்ந்து, தானே ஒரு புதுக் கறையாகிவிடும்.

உச்சிக்காலப் பூஜை முடிந்து நடை சாத்தியதும், மாலை நடை திறக்கும் வரையான நேரம் வசதி. ஆனால் ஈர வேலை எதையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். கல் இரவுக்கு முன் காய வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு ஒரு வாரம் முன்பு கறை நீக்கும் வேலையை ஏற்கவே ஏற்காதீர்கள். அவசரத்தில்தான் ஆசிட் பாட்டில் திறக்கும்.

6. சோதனைத் திட்டு

கண்ணில் அதிகம் படாத, எழுத்தில்லாத, உறுதியான ஒரு மூலையில் உள்ளங்கை அளவு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே வகைக் கல், அதே வகைக் கறை இருக்க வேண்டும். கருங்கல் மூலையில் சோதித்துவிட்டு மணற்கல் தூணுக்குப் போவது சோதனையே இல்லை.

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் முயலக் கூடாது. நான்கு சிறு திட்டுகள் வையுங்கள்: உலர்ந்த பிரஷ் மட்டும், வெறும் தண்ணீர், தண்ணீரோடு நடுநிலை சோப்பு, களிமண் பற்று. இந்த வரிசையில் எது முதலில் போதுமான பலன் தருகிறதோ அங்கேயே நின்றுவிட வேண்டும். எது அதிகப் பளிச்சென்று இருக்கிறது என்று பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பளிச் என்று இருக்கும் திட்டில் கல்லின் தோல் உரிந்திருக்கலாம்.

ஈரமாக இருக்கும்போது முடிவு செய்யாதீர்கள். ஈரக் கல் எப்போதும் அழகாகத் தெரியும். இரண்டு வாரம் விட்டுவிட்டு வந்து, காய்ந்த நிலையில், டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். திட்டைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் உப்பு வெளியேறுகிறது. தடவினால் சொரசொரப்பு கூடியிருந்தால் கல் போயிருக்கிறது. மஞ்சள் ஓடியிருந்தால் இரும்பு எழும்பியிருக்கிறது. மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த முறையைக் கைவிடுங்கள்.

இந்த இரண்டு வாரம்தான் குழுக்களுக்குக் கசக்கிறது. “இதுக்காக இன்னொரு தடவை வேன் பிடிச்சு வரணுமா?” என்று கேட்பார்கள். ஆமாம், வர வேண்டும்.

7. உலர் வேலை எப்போதும் முதலில்

தூசியின் மேல் தண்ணீர் பட்டால் சேறு. அந்தச் சேறு துளைகளுக்குள் போய்க் காய்ந்தால் முன்னைவிட மோசம். அதனால் முதலில் பன்றி முடி பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தட்டி இறக்குங்கள். சிலந்தி வலை, குளவிக் கூட்டு மண், ஒட்டிய சந்தனம், விபூதி, குங்குமம் ஆகியவற்றில் பாதிக்கு மேல் உலர்ந்தபடியே வந்துவிடும். குங்குமத்தில் தண்ணீர் பட்டால் சாயம் கல்லுக்குள் இறங்கும். உலர்ந்தபடி எடுக்க முடிந்த வரை எடுத்த பிறகே ஈரத்துணி.

மெழுகும் கெட்டிப் பிசுக்கும் இருந்தால் மூங்கில் சீவலால் நெம்புங்கள். சீவலைக் கல்லுக்குச் செங்குத்தாகப் பிடிக்காமல் படுக்கையாகத் தள்ளுங்கள். மூங்கில் முனை மழுங்கினால் சந்தோஷப்படுங்கள், கல் மழுங்கவில்லை. கத்தி, பிளேடு, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம்.

8. தண்ணீர் வேலை

எந்தத் தண்ணீர் என்பதைப் பாருங்கள். பல ஊர்களில் கோயில் போர்வெல் தண்ணீரே உப்பு. டி.டி.எஸ். மீட்டரில் 500-க்கு மேல் காட்டினால் அதைச் சுவருக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கணக்கு. மணற்கல் என்றால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே.

கைத் தெளிப்பானால் சிறு பகுதியை நனைத்து, பிரஷ்ஷை வட்டமாகச் சுற்றி, உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேலே போங்கள். மேலே தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கீழ்க் கல்லில் கோடு போட்டு இறங்கும், அந்தக் கோடு பிறகு போகாது. கீழே ஏற்கனவே நனைந்திருந்தால் வழியும் தண்ணீர் தங்காது. உலர் வேலை மேலிருந்து கீழ், ஈர வேலை கீழிருந்து மேல். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

சோப்பு போட்டால், லிட்டருக்கு ஐந்து மில்லி போதும். நுரை வர வேண்டும் என்று ஊற்றாதீர்கள். அலசிய தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். நுரை நின்றால் இன்னும் அலச வேண்டும். தங்கும் சோப்பு தூசியைப் பிடித்து வைக்கும்.

9. எண்ணெய்ப் பிசுக்கு

விளக்கு எண்ணெய்க் கறையில் இரண்டு அடுக்கு உண்டு. மேலே கரியும் தூசியும் கலந்த பிசுபிசுப்பு. அடியில், வருடக்கணக்கில் காற்றோடு வினைபுரிந்து வார்னிஷ் மாதிரி இறுகிப்போன பழைய எண்ணெய். முதல் அடுக்கு நம்மால் ஆகும். இரண்டாவது பெரும்பாலும் ஆகாது. இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டாவதையும் எடுத்தே தீருவேன் என்று தேய்க்கும்போதுதான் கல் அடிபடுகிறது.

புதிதாகச் சிந்திய எண்ணெய் என்றால் உலர்ந்த முல்தானி மட்டியை மேலே தூவி, ஒரு நாள் விட்டு, பிரஷ்ஷால் தள்ளுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் நன்றாக உறிஞ்சிவிடும். அரிசி மாவு போட வேண்டாம். இடுக்கில் தங்கும் மாவுக்கு எறும்பு வரும், பூஞ்சை வரும்.

பழைய பிசுக்குக்கு: மூங்கில் சீவலால் மேல் அடுக்கை வழித்தெடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் நடுநிலை சோப்பு, நைலான் பிரஷ். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். கருங்கல்லில் உள்ள தாதுக்கள் வெவ்வேறு அளவில் விரிபவை, திடீர்ச் சூடு மேற்பரப்பில் நுண்விரிசல் போடும்.

அதற்குப் பிறகும் இருந்தால் பற்று. முல்தானி மட்டியை அதே சோப்புக் கரைசலில் குழைத்து இட்லி மாவைவிடக் கெட்டியாக, சுவரில் நழுவாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லின் மேல் முதலில் ஈர மல் துணியை ஒட்டுங்கள். துணி இல்லாவிட்டால் மட்டி துளைகளில் ஏறி, அதை எடுக்க மறுபடி தேய்க்க வேண்டிவரும். துணியின் மேல் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பூசி, பாலிதீன் தாளால் மூடி ஒரு நாள் வையுங்கள். மூடி வைத்தால்தான் கரைசல் ஆவியாகாமல் எண்ணெயைக் கரைக்க நேரம் கிடைக்கும். மறுநாள் தாளை எடுத்துக் காயவிடுங்கள். காயும்போது கரைந்த எண்ணெய் மட்டிக்குள் ஏறும். மட்டி வெடித்துச் சுருண்டதும் துணியோடு உரித்துவிடலாம்.

பயன்படுத்திய மட்டியைத் தண்ணீர் விட்டு மறுபடி குழைக்காதீர்கள். எடுத்த எண்ணெயையே திரும்பப் பூசுகிறீர்கள்.

டர்பன்டைன், அசிட்டோன் கலந்த பற்றுகளும் உண்டு. அவை எளிதில் தீப்பிடிப்பவை. பக்கத்திலேயே விளக்கு எரியும் இடத்தில் தன்னார்வலர்கள் அவற்றைத் தொடக் கூடாது. பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் வேதியியல் தெரிந்தவர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

10. உப்புப் பூப்பு

உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது கரைந்து உள்ளே போய், அடுத்த மாதம் இன்னொரு இடத்தில் பூக்கும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் உதிர்த்து, முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள். தரையில் விட்டால் மழையில் திரும்ப அடித்தளத்துக்கே போகும்.

பிறகு காகிதக் கூழ்ப் பற்று. கடற்காற்றில் உப்பேறும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறை பயன்படுத்தும் முறையும் இதுவே. டிஷ்யூ காகிதத்தைக் காய்ச்சி வடித்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்துக் கூழாக்கி, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்புங்கள். செய்தித்தாள் கூடாது, மை இறங்கும். எண்ணெய்க்குச் செய்த மாதிரி இதை மூடக் கூடாது. திறந்தே காய வேண்டும், அப்போதுதான் ஈரம் வெளியேறும்போது உப்பையும் இழுத்து வரும்.

போதுமா என்று கண்ணால் முடிவு செய்ய முடியாது. காய்ந்த கூழில் பத்து கிராம் எடுத்து, நூறு மில்லி காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மீட்டரில் பாருங்கள். பயன்படுத்தாத கூழையும் அப்படியே அளந்து வைத்திருங்கள். ஒவ்வொரு பற்றிலும் எண் இறங்கிக்கொண்டே வரும். புதுக் கூழின் எண்ணை நெருங்கினாலோ, நன்றாக இறங்கிய பிறகு மேலும் இறங்காமல் நின்றாலோ வேலை முடிந்தது. இறங்காமலேயே உயரத்தில் நிற்கிறது என்றால் உப்பு தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.

பொருக்கு உதிரும் மணற்கல்லில் இதையும் நீங்களாகச் செய்ய வேண்டாம். கூழை உரிக்கும்போது கல்லும் சேர்ந்து வரும்.

11. பாசியும் கல்பாசியும்

பச்சைப் பாசி, ஈரம் வருவது நின்றுவிட்டால் தானே காயும். காய்ந்த பிறகு மென்மையான பிரஷ் போதும்.

வட்ட வட்டமாகச் சாம்பல், வெள்ளை, ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருப்பது வேறு. நாம் சமையலில் போடும் கல்பாசியின் இனம் அது. அதன் இழைகள் கல்லின் தாது இடுக்குகளுக்குள் இறங்கியிருக்கும். உயிரோடு இருக்கும்போது சுரண்டினால் இழையோடு கல்மணியும் பிடுங்கிக்கொண்டு வரும். முதலில் அது சாக வேண்டும், பிறகு வாரக்கணக்கில் விட்டால் பிடி தளரும், அப்புறம்தான் பிரஷ். தொல்லியல் வேதியியலாளர்கள் நீர்த்த அம்மோனியாவும் நடுநிலை சோப்பும், தேவைப்பட்டால் உயிர்க்கொல்லியும் பயன்படுத்துவார்கள். எது, எவ்வளவு என்பது அவர்கள் சொல்ல வேண்டியது. நாமாக மயில்துத்தம் அடிப்பது தவறு, பச்சை நீலக் கறையைத் தானே உண்டாக்கும்.

சுவரில் முளைத்த அரசங்கன்றையும் பிடித்து இழுக்காதீர்கள். வேர் கல்லை நெம்பியபடிதான் வெளியே வரும். இப்போதைக்கு அடியோடு வெட்டி மட்டும் விட்டு, இடத்தைக் குறித்து நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

12. வௌவால், புறா எச்சம்

உலர் வேலை முதலில் என்ற விதிக்கு இங்கே ஒரு விலக்கு. காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் பறக்கும் தூசியில் நுரையீரல் நோய் தரும் பூஞ்சை இருக்கலாம். தெளிப்பானால் பனி மாதிரி ஒரு தடவை மட்டும் அடித்து, தூசி அடங்கியதும் மரக் கரண்டியால் வழித்துச் சாக்கில் கட்டுங்கள். கல் நனையக் கூடாது, எச்சத்தில் உள்ள நைட்ரேட் உப்பு உள்ளே இறங்கும். என்95 முகக்கவசம் கட்டாயம், துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் இந்த வேலையில் விடாதீர்கள்.

13. சுண்ணாம்பும் பெயின்டும்

இங்கே நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: நீங்களாக எடுக்காதீர்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் இருப்பது 1931-இல்தான் தெரியவந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் ஓவியங்களும் பூச்சுக்கு அடியிலிருந்தே வெளிப்பட்டன. உங்கள் ஊர்ச் சிறு கோயிலின் வெள்ளையடிப்புக்கு அடியிலும் ஏதாவது இருக்கலாம்.

ஒரு பெருமாள் கோயில் மகாமண்டபத்தில் விதானத்துச் சுண்ணாம்பு தானாகவே பெயர்ந்துகொண்டிருந்தது. கீழே விழுவதை மட்டும் அள்ளச் சொல்லியிருந்தேன். கல்லூரி படிக்கும் ஒரு தம்பி ஏணியில் நின்றபடி கூப்பிட்டான். “அண்ணே, வெள்ளைக்கு உள்ளே சிவப்பா ஒரு கோடு ஓடுது. கை மாதிரி இருக்கு.” ஏறிப் பார்த்தேன். நகத்தளவு இடைவெளியில் காவி நிறத்தில் ஐந்து விரல்கள், ஒன்றில் மோதிரம். அன்று அந்த மண்டபத்தில் வேலையை அதோடு நிறுத்தினோம். அவன் கையில் அன்று இருந்தது டூத் பிரஷ். கம்பி பிரஷ்ஷாக இருந்திருந்தால் அந்த விரல்களை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனாமல் பெயின்ட், மார்க்கரில் கிறுக்கிய பெயர்கள், சிமென்ட் தெறிப்பு, துருக் கறை ஆகியவையும் இதே பட்டியலில்தான். துருவுக்குக் காரணமான ஆணியையோ கேபிள் கிளிப்பையோ கழற்ற அனுமதி வாங்குங்கள். கறையைப் பாதுகாப்பு வேதியியலாளரிடம் விடுங்கள்.

14. எங்கே நிறுத்துவது, என்ன எழுதி வைப்பது

கறையில் பத்தில் ஏழு பங்கு போனதும் கீழே இறங்கிச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி நின்று பாருங்கள். எழுத்து படிக்க முடிகிறதா? சிற்பத்தின் முகம் தெரிகிறதா? தெரிந்தால் முடித்துவிடுங்கள். மீதி மூன்று பங்குக்குத்தான் கல்லின் தோல் போகிறது. ஒரு தூணை மட்டும் பளிச்சென்று ஆக்கிவிட்டு மற்ற மூன்றை விட்டுப் போவதும் தவறு. அடுத்து வரும் குழு மற்ற மூன்றையும் அதே நிறத்துக்குக் கொண்டுவர ஆசிட்டோடு வரும்.

சுத்தம் செய்த கல்லில் எண்ணெய் தடவுவது, வார்னிஷ் அடிப்பது, கடையில் விற்கும் கல் பாலிஷ் போடுவது எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடுக்கு பிரியும்.

ஒரு நோட்டில் தேதி, சுவரின் திசை, கல் வகை, கறை, பயன்படுத்திய பொருளும் அளவும், எத்தனை முறை, டி.டி.எஸ். எண்கள், யார் யார் இருந்தார்கள், இவ்வளவும் எழுதுங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே நேர வெளிச்சத்தில், முன்னும் பின்னும் படம் எடுங்கள். ஒரு நகலைச் செயல் அலுவலரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பின்னாளில் அந்தச் சுவரில் வேலை செய்ய வரும் வேதியியலாளர் முதலில் கேட்பது, இதன் மேல் முன்பு என்ன போட்டீர்கள் என்பதைத்தான்.

முதல் நல்ல மழை பெய்து மூன்று நாள் கழித்துத் திரும்பிப் போங்கள். பிரஷ் எடுத்துப் போக வேண்டாம். நோட்டு, டார்ச், போன் போதும். வடிகாலில் தண்ணீர் ஓடுகிறதா, சோதனைத் திட்டில் வெள்ளை எழும்பியிருக்கிறதா, விளக்கு மேடையில்தான் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, அதையும் அதே பக்கத்தில் எழுதிவிட்டு வாருங்கள்.